டேங்க் காலி பண்ணி ஒரு வாரத்துல மறுபடி நிறைஞ்சிடுச்சு, கோளாறு எங்கே?

முடிச்சூர்க்காரி
14 நவம்பர், காலை 6:52

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல சொந்த வீடு. கீழே நாங்க, மாடியில கொழுந்தனார் குடும்பம், மொத்தம் 8 பேர். எங்க தெருவுக்கு இன்னும் பாதாள சாக்கடை வரல. செப்டிக் டேங்க் போர்டிகோவுக்குக் கீழே இருக்கு: 8 அடி நீளம், 4 அடி அகலம், 5 அடி ஆழம். அதை ஒட்டி உறை இறக்கின சோக் பிட், அதாவது டேங்க் தண்ணி மண்ணுல ஊறிப் போற குழி.

தீபாவளி முடிஞ்சதிலிருந்து கீழ் பாத்ரூம்ல ஃப்ளஷ் பண்ணினா தண்ணி க்ளோசெட்டுல மேலே ஏறி வந்து, அப்புறம் மெதுவா இறங்குது. மாடியில யாராவது ஃப்ளஷ் பண்ணினா எங்க பாத்ரூம் தரை ஜாலியில களக் களக்குன்னு சத்தம். லாரியைக் கூப்பிட்டுக் காலி பண்ணினோம். சில நாள் நல்லாப் போச்சு. அடுத்த மழைக்கு மறுபடியும் அதே மாதிரி. மூடியைத் தூக்கிப் பார்த்தா டேங்க் நிறையத் தண்ணி!

லாரிக்காரர் பாதிதான் எடுத்தாரா? பிளம்பர் ஒருத்தர் பாக்டீரியா பவுடர் போடச் சொல்றார். இன்னொருத்தர் டேங்கை இடிச்சுப் பெருசாக் கட்டணும்ங்கறார். மாமியாருக்கு மூட்டு வலி, மாடிப்படி ஏற முடியாது. அவங்களுக்கு இருக்கிறது கீழ் பாத்ரூம் ஒண்ணுதான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.


சேலம்_இல்லத்தரசி
14 நவம்பர், காலை 8:10

பவுடருக்குக் காசு செலவழிக்காதீங்க அக்கா. எங்க வீட்ல மாசா மாசம் போட்டோம். வெல்லம், சாணி, ஈஸ்ட்டு எல்லாம் போட்டாச்சு. கடைசியில பார்த்தா குழாய்க்குள்ள தேங்காய் நார் அடைச்சிருந்தது.


கோவை_சைட்
14 நவம்பர், காலை 9:35

மேடம், லாரிக்காரர் மேல தப்பு இருக்கிற மாதிரி தெரியல. செப்டிக் டேங்க் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கணும். மலம் அடியில கசடாப் படியும், எண்ணெயும் நுரையும் மேலே ஏடா மிதக்கும், நடுவுல இருக்கிற தெளிஞ்ச தண்ணி மட்டும் வெளிக்குழாய் வழியா சோக் பிட்டுக்குப் போகும். வெளிக்குழாய் உயரம் வரைக்கும் தண்ணி நின்னாத்தான் இந்த வேலையே நடக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க டேங்க்ல தண்ணி நிக்கிற ஆழம் 4 அடின்னு வச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 3,600 லிட்டர். நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு கணக்கு வைப்பாங்க, 8 பேருக்கு 1,080 லிட்டர். குளிக்கிற தண்ணியும் துவைக்கிற தண்ணியும் உள்ளே போகுதுன்னா நாலாவது நாளே நிறைஞ்சிடும். எல்லார் வீட்டு டேங்க்கும் அப்படித்தான். காலி பண்ணினதும் நல்லாப் போறதுக்குக் காரணம், அந்த நாலு நாளும் வெளியே போக வேண்டிய அவசியமே தண்ணிக்கு இல்லை.

அதனால டேங்க் நிறைஞ்சிருக்கான்னு பார்க்காதீங்க, தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாருங்க. உள்ளே வர்ற குழாய் ஒரு பக்கம், வெளியே போற குழாய் எதிர்ப் பக்கம். வெளிக்குழாய் ரெண்டு மூணு அங்குலம் தாழ்ந்திருக்கும். வெளிக்குழாயோட அடி விளிம்பு மட்டத்துல தண்ணி நின்னா டேங்க் நல்லா இருக்கு, அடைப்பு வீட்டுக்கும் டேங்க்குக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு. சேம்பரை, அதாவது வழியில குழாய்கள் சேர்ற சின்னத் தொட்டியைத் திறந்து பார்க்கணும். வெளிக்குழாயை முழுக அடிச்சுக்கிட்டு மேலே நின்னா, போற வழி அடைஞ்சிருக்கு, இல்லைன்னா சோக் பிட் வாங்கமாட்டேங்குது. வெளிக்குழாய்க்கு ரொம்பக் கீழேயே தண்ணி நின்னா டேங்க் ஒழுகுது. இந்த மூணுல எதுன்னு தெரியாம யார் என்ன சொன்னாலும் காசு கொடுக்காதீங்க.

திறக்கும்போது கவனம். மூடியை நகர்த்திட்டுப் பத்து நிமிஷம் தள்ளி நில்லுங்க. காத்து முதுகுப் பக்கம் அடிக்கிற மாதிரி நின்னு, டார்ச் அடிச்சுப் பாருங்க. குனிஞ்சு தலையை உள்ளே நீட்டக்கூடாது. பீடி, தீக்குச்சி, விளக்கு எதுவும் கிட்ட வரக்கூடாது, உள்ளே மீத்தேன் இருக்கும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீங்க.


முடிச்சூர்க்காரி
14 நவம்பர், இரவு 9:20

ரொம்ப நன்றி சார். நாங்க திறந்தது உள்ளே வர்ற பக்கத்து மூடி. வெளிக்குழாய்ப் பக்கம் மூடியே தெரியல, போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டினப்போ மறைஞ்சிடுச்சு. நாளைக்கு மேஸ்திரி வந்து வெட்டிப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார்.

இன்னொரு சந்தேகம். மாடியில யாரும் புழங்காத ஒரு பாத்ரூம் இருக்கு. அங்கேயும் சாக்கடை நாத்தம் அடிக்குது. அதுவும் டேங்க் கோளாறுதானா?


கோவை_சைட்
14 நவம்பர், இரவு 9:48

அந்த ஜாலியில ரெண்டு சொம்பு தண்ணி ஊத்துங்க. ஜாலிக்குக் கீழே இருக்கிற வளைவுல (டிராப்) நிக்கிற தண்ணிதான் வாடையைத் தடுக்கிறது. புழங்காத பாத்ரூம்ல அது காஞ்சு போயிடும். ஊத்தின பிறகும் நாத்தம் நிக்கலைன்னா வென்ட் பைப்பை, அதாவது வாயு வெளியே போற குழாயைப் பார்க்கணும்.


பொள்ளாச்சி_தோப்பு
15 நவம்பர், காலை 5:55

இந்தக் காலத்து டேங்க் எல்லாம் இப்படித்தான். எங்க அப்பா கட்டின டேங்க், 26 வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் நிறையவே இல்ல. லாரி எங்க வாசலுக்கு வந்ததே கிடையாது. கருங்கல் கட்டு, அடியில காங்கிரீட் போடாம மண்ணாவே விட்டுட்டாங்க. பூமி குடிச்சுக்கும். பக்கத்துல நிக்கிற தென்னை ரெண்டும் குலை தள்ளுறதைப் பார்க்கணுமே! புதுசாக் கட்டுறவங்க இந்த மாதிரி கட்டுங்க.


கோவை_சைட்
15 நவம்பர், காலை 7:30

ஐயா, உங்க வீட்டுக் கிணறு அந்த டேங்க்ல இருந்து எத்தனை அடி?


பொள்ளாச்சி_தோப்பு
15 நவம்பர், காலை 7:41

30 அடி இருக்கும். ஏன் கேக்கறீங்க?


கோவை_சைட்
15 நவம்பர், காலை 8:25

கோவிச்சுக்காதீங்க ஐயா. இந்த இழையைப் படிக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

நம்ம ஊர்ல "எங்க டேங்க் நிறையவே இல்ல" என்பதைப் பெருமையாச் சொல்றோம். பத்து வீட்டுக்குப் போனா நாலு வீட்ல இதைக் கேக்கறேன். செப்டிக் டேங்க்ல கசடு சேராம இருக்க வழியே இல்லை. மலத்துல ஒரு பகுதிதான் செரிச்சு வாயுவாப் போகும், மிச்சம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் வரும். ஏறலைன்னா அது வேற எங்கேயோ போகுது. அடித்தளம் இல்லாத கட்டுன்னா நேரா மண்ணுக்குள்ள, மண்ணுல இருந்து நிலத்தடி நீருக்கு. க்ளோசெட்டுல தண்ணி ஏறி வர்ற வீடு உடனே லாரியைக் கூப்பிடும், மேஸ்திரியைக் கூப்பிடும். நிறையாத டேங்க் எந்தச் சத்தமும் போடாது, நாத்தமும் அடிக்காது. அதனால வருஷக்கணக்குல யாரும் திறந்து பார்க்கிறதில்லை. என் கணக்குல ரெண்டுலயும் மோசமான கோளாறு அதுதான்.

தென்னை நல்லா காய்க்கிறதும் ஒரு தடயம்தான். டேங்கைச் சுத்தி மட்டும் கோடையிலயும் புல் கரும்பச்சையா இருந்தா, சுவர் கசியுதுன்னு அர்த்தம்.

ஐ.எஸ். 2470-னு செப்டிக் டேங்க்குக்குன்னே இந்திய தர நிர்ணயம் இருக்கு. சோக் பிட்டு மாதிரி உறிஞ்சுற அமைப்பு எதுவும் குடிநீர்க் கிணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இருக்கணும், வீட்டுல இருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கணும்னு அதுல சொல்லியிருக்கு. உங்க 30 அடி 9 மீட்டர். அதுவும் தெளிஞ்ச தண்ணி வர்ற சோக் பிட்டுக்கான தூரம். உங்க குழியில இறங்குறது பச்சை மலம்.

கிணத்துத் தண்ணியை ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. மாவட்டத் தலைநகர்ல குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகம் இருக்கு. கிருமிச் சோதனைன்னு சொல்லி, அவங்ககிட்ட கொதிக்க வச்ச பாட்டிலைக் கேட்டு வாங்கிட்டுப் போய்ப் பிடிங்க. குடிநீர்த் தரப்படி 100 மில்லி தண்ணியில ஈ.கோலிங்கிற மலக் கிருமி ஒண்ணுகூட இருக்கக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது. தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருந்தாலும் இந்த ரெண்டும் அதுல இருக்கலாம்.


பொள்ளாச்சி_தோப்பு
15 நவம்பர், காலை 8:50

அந்தத் தண்ணியைத்தான் நாங்க மூணு தலைமுறையாக் குடிக்கிறோம். சரி, பார்த்துடறேன்.


நெல்லை_லாரி
15 நவம்பர், மதியம் 1:15

நான் செப்டிக் லாரி ஓட்டுறேன், சொந்த வண்டி. கோவை அண்ணாச்சி சொன்னது அத்தனையும் நிஜம். நாங்க பார்க்கிறதையும் சொல்லிடுதேன்.

குழாயை உள்ள விட்டதும் வெறும் தண்ணியா வந்தா, வீட்டுக்காரங்க சந்தோஷப்படுவாங்க. நாங்க சந்தோஷப்பட மாட்டோம். கசடு அடியில கெட்டிப்பட்டு உட்கார்ந்துட்டுன்னு அர்த்தம். எடுத்த தண்ணியையே திருப்பி வேகமா அடிச்சுக் கலக்கி, அப்புறம் உறிஞ்சணும். நேரம் ஆகும். சில வண்டிக்காரங்க மேல் தண்ணியை மட்டும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. முடிச்சூர் அக்கா, உங்க வீட்ல கடைசியில என்ன நிறத்துல வந்துச்சுன்னு பார்த்தீங்களா? தார் மாதிரி கறுப்பா, கட்டியா வந்திருந்தா சரியா எடுத்திருக்காங்க.

கசடு எவ்வளவு இருக்குன்னு லாரி வராமலே பார்க்கலாம். நீளமான மூங்கில் கழியில அடி மூணு அடிக்கும் பழைய வெள்ளைத் துண்டை இறுக்கமாச் சுத்திக் கட்டுங்க. மெதுவா அடி வரைக்கும் இறக்கி, கொஞ்ச நேரம் அசைக்காம வச்சிட்டு, நேரா மேல தூக்குங்க. துண்டுல எது வரைக்கும் கறுப்பு அப்பி இருக்கோ, அது வரைக்கும் கசடு. தண்ணி நிக்கிற ஆழத்துல மூணுல ஒரு பங்கு கறுப்பா இருந்தா உடனே எடுத்துடணும். அதுக்கு மேல விட்டா கசடு வெளிக்குழாய் வழியா சோக் பிட்டுக்குப் போயிடும். சாதாரணமா 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தா இந்த நிலைமை வராது.

இன்னொண்ணு. ஏடு மேல என்ன மிதக்குன்னு பார்த்தாலே அந்த வீட்டுக் கதை தெரிஞ்சிடும். நாப்கின், குழந்தை டயப்பர், ஈரத் துடைப்பான், பல் குச்சி, முடிக்கொத்து. ஈரத் துடைப்பான் பாக்கெட்டுல கரையும்னு போட்டிருப்பான், அது கரைஞ்சு நான் பார்த்ததே இல்ல. குழாய் வாயில மாட்டுற டீயில (T வடிவக் குழாய்த் துண்டு) சுத்திக்கிட்டுக் கயிறு மாதிரி தொங்கும்.


கும்பகோணம்_ராஜா
15 நவம்பர், மாலை 4:40

இவ்வளவு யோசிக்கணுமா? எங்க தெருவுல பாதி வீடு டேங்க்ல இருந்து ஒரு நாலங்குலக் குழாய் போட்டு முன்னாடி ஓடுற மழைநீர் வடிகால்ல விட்டுட்டாங்க. பிரச்சினையே இல்லை. கசடு கெட்டியாயிட்டா ஒரு ஆளை இறக்கி மண்வெட்டியால வழிச்சு எடுத்துடலாம். லாரியைவிடச் சுத்தமா இருக்கும்.


நெல்லை_லாரி
15 நவம்பர், மாலை 5:02

அண்ணாச்சி, ரெண்டாவது சொன்னதை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, கையெடுத்துக் கும்பிடுதேன்.

கசடைக் கலக்கினா உள்ளே அடைஞ்சிருக்கிற வாயு மொத்தமா வெளிய வரும். முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அப்புறம் நாத்தமே தெரியாது. நாத்தம் போயிட்டுன்னு இறங்கினவன் நினைப்பான். மூக்கு மரத்துப் போனதுதான் காரணம், வாயு கூடிக்கிட்டேதான் இருக்கும். ரெண்டு மூச்சுல மயங்கி விழுந்திடுவான். மேல நிக்கிறவன் அவனைத் தூக்கலாம்னு இறங்குவான். செய்தியில எப்பவும் ரெண்டு பேர், மூணு பேருன்னு வருதுல்லா, இப்படித்தான். காலி பண்ணின டேங்க்தானேன்னு இறங்கினவங்களும் செத்திருக்காங்க. பூசு வேலைக்கு, ஓட்டை அடைக்கன்னு கொத்தனாரை இறக்குறவங்களுக்கும் இதேதான். கைபேசி உள்ளே விழுந்துட்டாலும் விட்டுடுங்க.


கோவை_சைட்
15 நவம்பர், மாலை 6:15

நெல்லைத் தம்பி சொன்னதுக்கு மேல சட்டமும் இருக்கு. 2013-ல வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டம் செப்டிக் டேங்க்குக்கும் பொருந்தும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாம ஒரு ஆளை இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் குற்றவாளிதான். முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்த்தும் வரலாம். இப்படிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2014-ல சொன்னது, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமா உயர்த்தினது. பணத்தால திரும்பி வர்ற உயிர் இல்லை அது. லாரி வேணும்னா 14420-க்கு கூப்பிடுங்க, உரிமம் உள்ள வண்டியா வரும். எங்கே கொண்டுபோய்க் கொட்டுறீங்கன்னும் கேளுங்க. சுத்திகரிப்பு நிலையம்னு பதில் வரணும். ஏரி, குளம், ஆத்தங்கரைன்னு வந்தா அது ஊர்த் தண்ணிக்கே திரும்பி வரும்.

வடிகால்ல விடுறது பத்தி: உங்க தெருவுல பிரச்சினை இல்லைன்னா, அந்த வடிகால் போய்ச் சேர்ற வாய்க்கால்ல பிரச்சினை இருக்குன்னு அர்த்தம். டேங்க்ல இருந்து வர்ற தண்ணி தெளிவாத் தெரிஞ்சாலும் கிருமி அப்படியேதான் இருக்கும். அதை வடிகட்டுற வேலை மண்ணோடது. மழை பெஞ்சு வடிகால் நிறைஞ்சா அதே நாலங்குலக் குழாய் வழியா சாக்கடை திரும்பி உங்க டேங்க்குக்குள்ள வரும், அங்கே இருந்து க்ளோசெட்டுக்கு.


யாழ்_கிணத்தடி
15 நவம்பர், இரவு 10:30

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். கோவை அண்ணை சொன்ன நிறையாத குழிக் கதை எங்கட ஊருக்கும் பொருந்தும். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லு. மேல கொஞ்சம் மண், கீழ வெடிப்பும் பொந்தும் உள்ள கல்லு. மலசலகூடக் குழியில விழுகிறது வடிபடாமலே நிலத்தடி நீரில சேர்ந்திடும். வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்லாத இடம், கனபேருக்குக் கிணறுதான். வளவுகளைப் பிரிச்சுப் பிரிச்சு, இப்ப ஒரு வீட்டுக் கிணத்துக்கும் பக்கத்து வீட்டுக் குழிக்கும் இடையில மதில் மட்டும்தான் இருக்கு. உங்கட குழி தூரமா இருந்தாலும் அடுத்த வீட்டுக் குழி எங்க இருக்கெண்டும் பாருங்கோ.

தோட்டத்துக்குப் போடுற உரத்தாலயும் இஞ்ச நைத்திரேற்று கூட. ஒரு விசயம் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும்: தண்ணியைக் கொதிக்க வைச்சால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகள் இதில கவனம். குழந்தையின்ர இரத்தம் ஒட்சிசனைக் காவுறதை அது குறைச்சுப் போடும், உடம்பு நீலம் பாரிக்கும்.


முடிச்சூர்க்காரி
18 நவம்பர், காலை 11:05

சார், மேஸ்திரி டைல்ஸை வெட்டி மூடியைத் திறந்துட்டார். நீங்க சொன்ன ரெண்டாவது வகை. வெளிக்குழாய் கண்ணுக்கே தெரியல, அதுக்கு மேலே ஒரு சாண் தண்ணி. சோக் பிட் மூடியையும் தூக்கினோம், உறையோட விளிம்பு வரைக்கும் கறுப்புத் தண்ணி தளும்புது. வெளிக்குழாய்ல டீ எதுவும் இல்லை, நேர்க் குழாயா விட்டிருக்காங்கன்னு மேஸ்திரி கையால தடவாம ஒரு கம்பியை விட்டே சொல்லிட்டார்.

நெல்லைத் தம்பி, கடைசியில கறுப்பாக் கட்டியாத்தான் வந்துச்சு. அவர் ஒழுங்காத்தான் எடுத்திருக்கார்.


கோவை_சைட்
18 நவம்பர், பகல் 12:20

நல்லது, இனிமே தேட வேண்டிய இடம் சுருங்கிடுச்சு. டீ இல்லாததுதான் சோக் பிட்டைக் கெடுத்திருக்கும். வெளிக்குழாய்ல டீ இருந்தா அதோட கால் தண்ணிக்குள்ள கீழே வரைக்கும் இறங்கி நிக்கும், மேலே மிதக்கிற ஏடு குழாய்க்குள்ள நுழையாது. நேர்க்குழாய்னா ஏடும் எண்ணெயும் அப்படியே சோக் பிட்டுக்குப் போய், சுத்தியிருக்கிற மண்ணுல கறுப்பா வழவழன்னு ஒரு படலம் படிஞ்சிடும். அப்புறம் அந்த மண் தண்ணியை வாங்காது. டேங்கை எத்தனை தடவை காலி பண்ணினாலும் இது சரியாகாது.

ஆனா ஒண்ணு மட்டும் இடிக்குது. மழைக்கு மழை கூடுதுன்னு எழுதியிருந்தீங்க. இன்னிக்கு ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டேங்க் சுவர்ல தண்ணி மட்டத்துக்குச் சுண்ணாம்புக் கட்டியால ஒரு கோடு போடுங்க, கம்பு நுனியில கட்டியைக் கட்டிக்கிட்டுப் போடலாம். விடியக்காலம் யாரும் தண்ணி திறக்கிறதுக்கு முன்னாடி பாருங்க. மழை பெய்யாத ராத்திரி ஒண்ணு, பெய்யிற ராத்திரி ஒண்ணு.


முடிச்சூர்க்காரி
22 நவம்பர், காலை 7:15

மழை இல்லாத ராத்திரி கோடு அப்படியே இருந்துச்சு. நேத்து நல்ல மழை, விடியறதுக்குள்ள நாலு விரக்கடை ஏறிடுச்சு, கோடு தண்ணிக்குள்ள போயிடுச்சு!


கோவை_சைட்
22 நவம்பர், காலை 7:50

யாரும் புழங்காம ஏறியிருக்குன்னா மழைத்தண்ணி எங்கேயோ உள்ளே வருது. நிலத்தடி நீர் சுவர் வழியாக் கசிஞ்சா ஏறிக்கிட்டே இருக்கும், மழை விட்ட பிறகும் நிக்காது. ஒரே ராத்திரியில இப்படி ஏறுறது குழாய் வேலை மாதிரி இருக்கு. மொட்டை மாடித் தண்ணி இறங்குற குழாய் எங்கே போய்ச் சேருதுன்னு யாருக்காவது தெரியுமா? ஒரு வாளித் தண்ணியில கேசரிப் பவுடரைக் கரைச்சு மாடிக் குழாய்ல ஊத்துங்க. கீழே ஒருத்தர் சேம்பரைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கட்டும்.


முடிச்சூர்க்காரி
22 நவம்பர், மாலை 5:30

பின்பக்கத்து ரெண்டு குழாயும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிக்குத்தான் போகுது, அங்கே ஆரஞ்சுத் தண்ணி வந்துச்சு. முன்பக்கத்துக் குழாய்ல ஊத்தினதும் பையன் சேம்பர் பக்கத்துல இருந்து கத்தறான், "அம்மா இங்க வருது, இங்க வருது"ன்னு. போய்ப் பார்த்தா பளீர்னு ஆரஞ்சு நிறம் சேம்பர் வழியா நேரா டேங்க்குக்கு ஓடுது. போர்டிகோ போட்டப்போ குழாயைச் சுவருக்குள்ள மறைச்சு, கிட்ட இருந்த சேம்பர்லயே சேர்த்துட்டுப் போயிருக்காங்க.


கோவை_சைட்
22 நவம்பர், இரவு 8:10

1,000 சதுர அடி மாடியில ஒரு சென்டிமீட்டர் மழை பெஞ்சா 900 லிட்டருக்கு மேல. உங்க முன்பக்கத்துச் சரிவு அதுல பாதின்னு வச்சாலும், பத்து சென்டிமீட்டர் பெய்யிற நாள்ல 4,500 லிட்டர், உங்க டேங்க் கொள்ளளவைவிட அதிகம். அவ்வளவும் ஒரே நாள்ல உள்ளே பாஞ்சா கசடு கலங்கி சோக் பிட்டுக்குப் போகாம என்ன செய்யும்? இங்கே மழைநீர் சேகரிப்பு 2003-ல இருந்து எல்லா வீட்டுக்கும் கட்டாயம், அந்தக் குழாயையும் தொட்டிக்கே திருப்புங்க. முதல் வேலை அதுதான், நாளைக்கே செஞ்சுடலாம்.

வாஷிங் மெஷின் தண்ணி, ஆர்.ஓ. கழிவுத்தண்ணி, ஏ.சி. தண்ணி எதுவும் இந்த மழைக்காலம் முடியிற வரைக்கும் டேங்க்குக்குப் போகாமப் பார்த்துக்கோங்க. வாழை இருந்தா அதுக்கு விடுங்க. ஆசிட் ஊத்திக் கழுவுறதை நிறுத்திடுங்க, பினாயிலையும் குறைச்சுக்கோங்க. டேங்க்ல வேலை செய்யிற கிருமியையே அது கொல்லுது.

சோக் பிட்டை இப்போ தொடாதீங்க. முடிச்சூர் 2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்லயும் எப்படி முழுகினதுன்னு எல்லாருக்கும் தெரியும். கார்த்திகை மாசத்துல உங்க மண்ணுக்குள்ள நிலத்தடி நீர் கை எட்டுற ஆழத்துல நிக்கும். இப்போ தோண்டினா குழியில ஊத்துதான் எடுக்கும். பங்குனியில தோண்டலாம். அப்போவும் ஆழமா உறை இறக்காம, மேலாக ரெண்டு மூணடி ஆழத்துல நீளமான ஜல்லி வாய்க்காலாப் போடச் சொல்லுங்க. ஆழமாப் போனா தண்ணி மட்டத்தைத் தொட்டுடும், மண்ணு வடிகட்டவே வாய்ப்பு இல்லை. டீ மட்டும் இப்பவே மாட்டிடலாம், மூடி வழியா மேலே நின்னே செய்யலாம், ஆள் இறங்க வேண்டாம்.

உங்க போர் தண்ணியையும் ஒருமுறை சோதிங்க. முடிவு வர்ற வரைக்கும் அதைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.


பொள்ளாச்சி_தோப்பு
27 நவம்பர், காலை 6:20

கிணத்துத் தண்ணி முடிவு வந்தது. கிருமி இருக்குன்னு போட்டிருக்காங்க. நைட்ரேட்டும் 45-ஐத் தாண்டியிருக்கு. பேத்திக்கு அடிக்கடி வயித்தால போனதுக்கு வெளிச் சாப்பாடுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். இப்போதைக்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணிதான் குடிக்கிறோம். பழைய குழியை என்ன பண்றது, மூடிடவா?


கோவை_சைட்
27 நவம்பர், காலை 7:05

முடிவை இங்கே போட்டதுக்கு நன்றி ஐயா, நிறையப் பேர் இதைப் பார்த்துச் சோதிப்பாங்க. கிணத்தைவிட்டு எதிர்ப் பக்கம், தோப்பு ஓரமா, அடியும் சுவரும் காங்கிரீட்ல புது டேங்க் கட்டுங்க. இடம் உங்களுக்குத் தாராளமா இருக்கு, 18 மீட்டருக்கு மேலேயே தள்ளலாம். இணைப்பு மாத்தின பிறகு பழைய குழியை லாரியால முழுசா எடுத்து, சுண்ணாம்பு போட்டு, மண் நிரப்பி மூடிடுங்க. வெறும் பலகை போட்டு விட்டா என்னிக்காவது ஒரு குழந்தையோ மாடோ உள்ளே போயிடும். அப்புறம் கிணத்தை இறைச்சு, குளோரின் போட்டு, சில மாசம் கழிச்சு மறுபடி சோதிங்க. கிருமி சீக்கிரம் குறையும், நைட்ரேட் இறங்க நாளாகும்.


முடிச்சூர்க்காரி
1 டிசம்பர், காலை 10:40

மாடிக் குழாயைத் திருப்பியாச்சு, டீ மாட்டியாச்சு, துவைக்கிற தண்ணி வாழைக்குப் போகுது. நேத்து மழையில தண்ணி வெளிக்குழாய்க்கு ரெண்டு விரல் மேலே வரைக்கும் வந்துட்டு, சாயங்காலம் இறங்கிடுச்சு. சோக் பிட் இன்னும் நிறைஞ்சுதான் நிக்குது. க்ளோசெட்டுல தண்ணி ஏறல. மாமியார் நிம்மதியாப் புழங்குறாங்க. பங்குனியில ஜல்லி வாய்க்கால் போடும்போது மறுபடி கேக்கறேன் சார்.


திருச்சி_புதுவீடு
1 டிசம்பர், மதியம் 2:25

முழுசாப் படிச்சேன். எங்க வீட்டுக்கு அடுத்த வாரம் செப்டிக் டேங்க் பள்ளம் எடுக்கிறாங்க. கொத்தனார்கிட்ட என்னென்ன கேட்டு வாங்கணும்?


கோவை_சைட்
1 டிசம்பர், மாலை 6:50

நேரத்துல கேட்டீங்க. அடியில காங்கிரீட் உண்டான்னு முதல்ல கேளுங்க. "எதுக்கு சார், மண்ணு குடிக்கட்டும்"னு சொன்னா ஆளை மாத்திடுங்க. நீளம் அகலத்தைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும், நடுவுல தடுப்புச் சுவர், ரெண்டு பக்கமும் டீ. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு அடி காலி. உள்பூச்சு முடிஞ்சதும் மண் தள்ளுறதுக்கு முன்னாடி, தண்ணி நிரப்பி ஒரு நாள் முழுக்க விட்டு மட்டம் இறங்குதான்னு பாருங்க. இந்த ஒரு சோதனையைக் கொத்தனார்கள் தவிர்க்கப் பார்ப்பாங்க, விடாதீங்க.

ரெண்டு அறைக்கும் தனித்தனி மூடி. டைல்ஸ் மட்டத்துக்குத் தெரியிற மாதிரி, கைப்பிடியோட. மேலே கார் நிக்கும்னா அதுக்கேத்த ஸ்லாபு போடணும், முன்கூட்டியே சொல்லிடுங்க. லாரிக் குழாய் எட்டுற தூரத்துல இருக்கட்டும். வென்ட் பைப் மொட்டை மாடிக்கு மேலே ஆறடி உயரம் போகணும், வாயில கொசுவலை கட்டி, வருஷம் ஒருமுறை வலையை மாத்துங்க. வலை இல்லைன்னா கியூலெக்ஸ் கொசு அந்தக் குழாய் வழியாத்தான் குடும்பத்தோட வெளியே வரும். மழைத்தண்ணிக் குழாய் எதுவும் சேம்பர்ல சேரலைன்னு நீங்களே நின்னு பாருங்க.

மண் மூடுறதுக்கு முன்னாடி குழாய் போற பாதை, டேங்க், சோக் பிட் எல்லாத்தையும் படம் எடுத்து, காம்பவுண்டுச் சுவர்ல இருந்து எத்தனை அடின்னு ஒரு தாள்ல குறிச்சு, வீட்டுப் பத்திரத்தோட சேர்த்து வச்சிடுங்க.